கொம்பு விழுந்த கல்யாண மேடை

மேடை அலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

போன மாதம் நம் ஆட்கள் கூடியபோது என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஒருவர் வந்து தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். வயது ஐம்பத்து நாலு. இடுப்பு இனி ஏணி ஏறாதே என்று சொல்லிவிட்டதால் வீட்டில் இருக்கிறேன்.

திரை எப்படிக் கட்டுவது, பூப்பந்து எப்படிச் சுற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போனில் பார்த்து என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். நான் எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தெர்மாகோலில் வெட்டி மேடையில் குத்தி வைக்கிறோமே, அந்த எழுத்து. பூ வாடினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எழுத்து தப்பானால் ஊரே வரும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரத்தநாடு பக்கம் ஒரு கல்யாணம். 'மணமக்கள் வாழ்க' என்று ஒட்டினேன். வெறும் பசை. மின்விசிறியைப் போட்டதும் முதல் இரண்டு எழுத்து பறந்துவிட்டது. மிச்சம் இருந்தது 'மக்கள் வாழ்க'. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். அவர் உள்ளே வந்தார், மேடையைப் பார்த்தார், தனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மைக்கை வாங்கிவிட்டார். பயிர்க் காப்பீட்டில் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் கைதட்டினார்கள். ஒருவர் மனு கொடுத்தார்.

என் முதலாளி திட்டவில்லை. கீழே கிடந்த 'ம'வையும் 'ண'வையும் எடுத்து என் கையில் வைத்து, "பசை காத்துக்குப் பயப்படும். குண்டூசி பயப்படாது. ஒரு எழுத்துக்கு ரெண்டு ஊசி" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன். ஒரே ஒரு தடவை தவறியது. அந்த ஒரு தடவையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பாபநாசம் பக்கம் ஒரு மண்டபம். பகல் பதினொரு மணிக்கு வரவேற்பு. மாப்பிள்ளை சாமுவேல் அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பையன். லண்டனில் கம்ப்யூட்டர் வேலை. பெண் ஹன்னா அந்த ஊர்க்காரி. பதிவுக் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது. இங்கே சொந்தக்காரர்களுக்காக ஒரு மேடை, மாலை, சாப்பாடு. பெண்ணின் கையைப் பிடித்து அவளுடைய அப்பா மேடைக்கு அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா எதிர்கொண்டு கையை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் மேடையில் நின்று வாழ்த்த வேண்டும். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

மாப்பிள்ளையின் அம்மா ஞானம்மா. வீட்டுக்காரர் பையன் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். நாற்று நட்டு, களை பறித்து, பையனைப் படிக்க வைத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பைபிளை மடியில் வைத்து எழுத்துக் கூட்டிக் கூட்டியே படிக்கக் கற்றுக்கொண்டவர். அதனால் எங்கே எழுத்துப் பிழை இருந்தாலும் அவருக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. ஆர்டர் சொல்லும்போதே என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

"மேடை வளைவுல 'இயேசுவே கடவுள்'னு வைங்க தம்பி. பூ கொறைஞ்சாலும் பரவால்ல. எழுத்து பெருசா இருக்கணும். வேலூர்லேருந்து என் நாத்தனார் வருது. அது கண்ணாடி போட மறந்துட்டு வரும்."

ஒன்பதரைக்கு எட்டு எழுத்தையும் குத்தி முடித்து ஏணியை விட்டு இறங்கினேன். கீழே ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேட்டி, அதன் மேல் பெல்ட், தலையில் சின்ன வட்டத் தொப்பி. என்னைப் பார்த்து, "நீர் யார்?" என்றார்.

நான் திகைத்துப் போனேன். பக்கத்தில் மண்டபத்து மேனேஜர் நின்றார். கூத்தாநல்லூர்க்காரர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் உடனே, "சாருக்குத் தண்ணி கொண்டாங்கப்பா" என்று குரல் கொடுத்தார். தண்ணீர் வந்தது. வெள்ளைக்காரர் மரியாதைக்கு வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு மறுபடியும் என்னிடம், "நீர் யார்?" என்றார். இன்னொரு டம்ளர் வந்தது. அதையும் குடித்தார். மூன்றாவது டம்ளருக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"நான் டெக்கரேஷன்காரனுங்க" என்றேன்.

"மகிழ்ச்சி. நான் யாக்கோபு. மணமகளின் தந்தை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஓர் ஆண்டாகத் தமிழ் கற்கிறேன். பழைய இலக்கண நூல் ஒன்றே கிடைத்தது" என்றார். அந்த நூலை எழுதியவர் காலத்தில் நீர், உமது என்றுதான் பேசியிருப்பார்கள் போலிருக்கிறது.

பாய்க்கு அவருடைய தொப்பியைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். யாக்கோபும் சிரித்துக்கொண்டே ஏதோ அதே மாதிரி ஒலிக்கிற பதில் சொன்னார். பாய் என் பக்கம் திரும்பி, "நம்மாளு போலருக்கே, அந்தம்மா சொல்லவே இல்லையே" என்று கிசுகிசுத்தார்.

யாக்கோபு மேடையைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. "இ... யே... சு... வே..." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் எழுத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் படித்ததில்லை. "க... ட... வு... ள்." படித்து முடித்தார். முகம் மாறிவிட்டது.

"இதன் கீழ் நான் நிற்க இயலாது" என்றார்.

"பயப்படாதீங்க சார். ஒரு எழுத்துக்கு ரெண்டு ஊசி குத்தியிருக்கேன். தலையில விழாது" என்றேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. அவர் ஒரு யூதர். யூதர் என்ற சொல்லைப் புனித வெள்ளி சமயத்தில் சர்ச் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன். நேரில் ஒருவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெதுவாக, சொல்லுக்குச் சொல் நிறுத்தி அவர் விளக்கினார். கடவுள் ஒருவர், அவருக்கு உருவம் இல்லை, அவர் மனிதராகப் பிறக்கவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. இயேசு நல்லவர், ஆனால் கடவுள் அல்லர். ஞானம்மா வீட்டுச் சுவரில் இயேசு படம் மாட்டியிருந்தால் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட அவருக்குத் தடையில்லை, அது ஞானம்மா வீடு. ஆனால் மகளை வாழ்த்தும்போது தலைக்கு மேல் ஒரு வாக்கியம் இருந்தால் அதை அவரே சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

நான் சாமுவேலைக் கூப்பிட்டேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டான். ஞானம்மா பட்டுப் புடவையோடு வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சம்பந்தியைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார்.

"டேய் சாமு, பைபிள் குடும்பம்னு சொன்னியேடா!"

"பைபிள்தாம்மா" என்றான் சாமுவேல். "பழைய ஏற்பாடு."

"அப்ப புதுசு?"

"அது இல்லம்மா. பாதி பைபிள்."

"அப்பா பேரு யாக்கோபு, பொண்ணு பேரு ஹன்னா, நம்ம பைபிள் அன்னாள்னு நானும் நெனச்சேனேடா!"

பாய் தொப்பி விஷயத்தில் ஏமாந்த துக்கத்தில் ஓரமாக நின்றார். ஞானம்மா அவரைத் துணைக்கு இழுத்தார். "பாய், நீங்க ஒரு நியாயம் சொல்லுங்க."

"என்னைய விட்ருங்கம்மா. கடவுள் ஒருத்தர்னுதான் நானும் சொல்வேன். உடனே நீங்க கோவிச்சுக்குவீங்க. இயேசுவ நாங்களும் ஈசா நபின்னு மதிக்கிறோம்னு சொல்வேன், அவரு கோவிச்சுக்குவாரு. நான் பந்திக்கு எல போடப் போறேன்" என்று நகர்ந்தார். ஆனால் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

யாக்கோபு ஞானம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, "நீர் சினம் கொள்ள வேண்டாம்" என்றார்.

ஞானம்மா இரண்டடி பின்வாங்கினார். "ஐயோ, என்னப் போயி நீர்ங்கிறாரே! அது ஜெபத்துல ஆண்டவருக்குச் சொல்றதாச்சே!" தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது.

சிரிக்காதீர்கள். மணி பத்து. வாசலில் இரண்டு வேன் வந்து நின்றுவிட்டது. மாடி அறையிலிருந்து ஹன்னா இறங்கி வந்து, பாதிப் படியில் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டாள்: "அப்பா வேணும். அத்தையும் வேணும். ஒருத்தர் இல்லாம நான் வர மாட்டேன்." சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். புதுப் புடவை அழுக்காகிறதே என்று ஞானம்மாதான் ஓடிப்போய் ஒரு துண்டை விரித்தார். விரித்துவிட்டுத் திரும்பி வந்து சண்டையைத் தொடர்ந்தார்.

"நாங்க மட்டும் என்ன, பிதா, குமாரன், ஆவின்னு மூணு கடவுளா கும்புடுறோம்? ஒருத்தர்தான். கல்லணையில பாருங்க. காவேரின்னு ஓடுது, வெண்ணாறுன்னு ஓடுது, புது ஆறுன்னு ஓடுது. தண்ணி ஒண்ணுதானே?"

யாக்கோபு யோசித்தார். முந்தின நாள்தான் சாமுவேல் அவருக்குக் கல்லணையைக் காட்டியிருந்தான். "அங்கே நதி பிரிகிறது. கடவுள் பிரிவதில்லை" என்றார்.

"வாய்க்கால்ல வந்தா அது காவேரி இல்லையா? எங்க வயலுக்கு வாய்க்கால் தண்ணிதான் வருது. அத வச்சித்தான் நெல்லு வெளையுது."

"வாய்க்காலுக்கு நன்றி சொல்வேன். வாய்க்காலே நதி என்று சொல்ல மாட்டேன்."

எங்கள் வீட்டில் கருப்பர், காளி, பிள்ளையார், அப்புறம் மனைவி வழியில் இரண்டு பேர். ஆடிப்பெருக்கு அன்று வாய்க்காலுக்கும் சூடம் காட்டுவோம். இதை அந்த இடத்தில் சொன்னால் நன்றாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டேன். தம்பிகளே, வாடிக்கையாளர் சாமியைப் பற்றிப் பேசும்போது உங்கள் சாமியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. யாக்கோபு சொன்னார்: "அவள் பேசத் தொடங்கியதும் நான் கற்பித்த முதல் வாக்கியம், கடவுள் ஒருவர் என்பது. என் தாய் இறக்கும்போது சொன்ன கடைசி வாக்கியமும் அதுவே. இன்று நான் வேறொன்று சொன்னால் இருவருக்கும் பொய்யன் ஆவேன்."

ஞானம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இவங்க அப்பா வயல்ல விழுந்து கெடந்தப்ப நான் அந்தப் பேரத்தான் கூப்பிட்டேன். அவரு பொழைக்கல. ஆனா அன்னைலேருந்து இன்னை வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே நடந்து வந்துட்டேன். அந்தப் பேரு இல்லாம என் புள்ளைக்குக் கல்யாணமா?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கூச்சம் அதிகம், உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு சொல் காதில் மாட்டிக்கொண்டது. கூப்பிட்டேன் என்றாரே ஞானம்மா, அது.

"அம்மா" என்றேன். எல்லாரும் ஏணி பேசிவிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க கூப்பிடத்தானே வேணும்? நடு வளைவுல வச்சா, அது மேடையில நிக்கிற எல்லாரும் சொல்ற மாதிரி. உங்க நாற்காலிக்கு மேல வச்சா, நீங்க கூப்பிடுற மாதிரி. 'இயேசுவே'ன்னு மட்டும் வைக்கிறேன்."

யாக்கோபு சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். "ஏகாரத்துக்கு இரண்டு பொருள். 'இவரே' என்று உறுதி கூறுவது ஒன்று. 'ஐயாவே' என்று அழைப்பது ஒன்று. 'இயேசுவே கடவுள்' என்றால் உறுதி. 'இயேசுவே' என்று மட்டும் இருந்தால்?"

"கூப்பிடறதுங்க."

"அழைக்கலாம்" என்றார் யாக்கோபு. முதல் தடவையாக முகம் தெளிந்தது. "தாராளமாக அழைக்கலாம். அவர் யூதத் தாய்க்குப் பிறந்தவர். எங்கள் பையன்."

ஞானம்மா பைபிளை எத்தனையோ தடவை படித்தவர். இது தெரியாமல் இல்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு அதை யோசித்ததில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து பாய் எடுத்துக் கொடுத்தார்: "அப்ப அவரு பொண்ணு வீட்டு ஆளும்மா. உங்க பக்கம் ஒக்கார வைக்கிறப்ப மரியாதையா வைங்க."

"நான் என்னைக்கு மரியாதை கொறைச்சலா வச்சேன்?" என்று ஞானம்மா சீறினார். ஆனால் சம்பந்தியைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சாமுவேலிடம், "ஏன்டா, ஆண்டவரோட சொந்தக்காரருக்கு யாராச்சும் காப்பி கொடுத்தீங்களா? தண்ணியாவே ஊத்துறீங்க" என்று அதட்டியது எனக்குக் கேட்டது.

'இயேசுவே'யைப் பிடுங்கி ஞானம்மாவின் நாற்காலிக்கு மேல் குத்தினேன்; நடு வளைவில் 'கடவுள்' மட்டும் மிஞ்சியது. அதன் பக்கத்தில் 'ஒருவரே' என்று வைக்கலாம் என்றேன். யாக்கோபு மறுபடியும் குறிப்பேட்டைப் பார்த்தார்.

"ஒருவர். இதில் 'அர்' பலரைக் குறிக்கும் விகுதி. ஒருவர் எப்படிப் பலர் ஆவார்?"

"அது மரியாதைக்குங்க. ஆளு ஒண்ணுதான். 'ஒருவன்'னு வச்சா, டேய்னு கூப்பிட்ட மாதிரி இருக்கும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வேட்டி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் எபிரேயு மொழியிலும் கடவுளைக் குறிக்கும் ஒரு சொல் பன்மையில்தான் இருக்கிறதாம். ஆனால் வினைச்சொல் ஒருமை. "அந்தப் பன்மையைக் காட்டி, 'பார், மூவர்' என்று கிறிஸ்தவர்கள் பல நூறு ஆண்டுகளாக எங்களிடம் வாதிடுகிறார்கள். 'இல்லை, மரியாதை' என்று நாங்கள் சொல்கிறோம். இந்த ஊரில் ஏணியில் நிற்பவருக்கே இது தெரிந்திருக்கிறது!"

"மரியாதையாவும் இருக்கலாம், மூவராவும் இருக்கலாம். யாரு உள்ள போயிப் பாத்தா?" என்றார் ஞானம்மா. ஆனாலும் அவருக்கு இன்னொரு குறை. "ஒருவர்னா எனக்கும் சம்மதம். அந்த 'ரே' எதுக்கு? 'ஒருவரே'ன்னா எனக்குச் சொல்ற மாதிரி ஒரு குத்தல் இருக்கு."

"அந்த ஏகாரம் வேண்டும். அது இல்லாவிட்டால் உறுதி இல்லை" என்றார் யாக்கோபு.

இங்கே நான் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. மணி பத்தே முக்கால். கண்ணாடி மறந்த வேலூர் நாத்தனார் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, "எழுத்தே இல்லையே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஞானம்மாவுக்குத் தனியாக ஒரு எழுத்து வைத்தாயிற்று, ஆகவே நடுவில் சம்பந்தி கேட்டதை வைப்பதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. 'ஒருவரே' என்றே வைக்கிறேன் என்றேன். ஞானம்மா மேடைப் படிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஏறவில்லை.

என் எழுத்துப் பெட்டியில் பழைய 'திருமண வரவேற்பு' கிடந்தது. அதிலிருந்து 'ரு', 'வ', 'ர' எடுத்தேன். 'ஒ' மட்டும் புதிதாக வெட்டினேன். 'ரே' எழுத்துக்கு முன்னால் வரும் இரட்டைக் கொம்பை நான் எப்போதும் தனியாக வெட்டுவேன், சேர்த்து வெட்டினால் உடையும். அதே 'வரவேற்பு'க்குள் இருந்த 'வே'யின் பழைய கொம்பைப் பிடுங்கி, பசை தடவி, 'ர'வுக்கு முன்னால் வைத்தேன். இறங்கினேன். 'கடவுள் ஒருவரே.'

பதினொரு மணி. யாக்கோபு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைப் படிக்கு வந்தார். ஞானம்மா படியின் அந்தப் பக்கம், மேலே பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். புழுக்கமாக இருக்கிறதே என்று பாய் மேடைப் பக்கத்துப் பெரிய விசிறியை முழு வேகத்தில் தட்டிவிட்டார்.

கொம்பு பறந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, யாக்கோபின் தொப்பியில் பட்டு, அவருக்காக வைத்திருந்த தண்ணீர் டம்ளருக்குள் விழுந்து மிதந்தது.

மண்டபம் முழுவதும் மேலே பார்த்தது. 'கடவுள் ஒருவ', அப்புறம் பல் போன மாதிரி ஒரு சந்து, அப்புறம் ஒரு 'ர'. தாய்மாமன் மைக் பிடித்த நாள் நினைவுக்கு வந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி மேலே ஏறினேன். ஏறின பிறகுதான் கொம்பு கீழே டம்ளரில் இருப்பது தெரிந்தது.

அப்போது ஞானம்மாவின் குரல் கேட்டது. "தம்பி, என்ன இது? 'ஒருவர'ன்னு நிக்குது! 'ர' மேல புள்ளி இல்லையே!"

"ஆம். மெய்யெழுத்து. புள்ளி இன்றி நிற்காது" என்றார் யாக்கோபு. இரண்டு பேருமே எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். கடவுளைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டாலும் எழுத்துப் பிழையை இரண்டு பேராலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஞானம்மா படியேறி வந்துவிட்டார். ஹன்னாவின் தலையில் இருந்த சரத்திலிருந்து ஒரு மல்லிகை மொட்டைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். அதே நேரம் யாக்கோபு டம்ளரிலிருந்து கொம்பை எடுத்து உதறி என்னிடம் நீட்டினார். நான் ஏணி மேல். ஒரு பக்கம் மொட்டு, ஒரு பக்கம் கொம்பு. முந்நூறு பேர் பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் எதற்கும் அவ்வளவு பயந்ததில்லை.

"எதை வைக்கட்டுங்க?" என்றேன்.

யாக்கோபு தன் கையில் இருந்த கொம்பைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஞானம்மா மேடையில் தன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"நான் அவளுக்கு முதலில் கற்பித்த வாக்கியத்தில் ஏகாரம் இருந்ததில்லை" என்றார். "பூவை வையும்."

மொட்டை 'ர' மேல் வைத்து இரண்டு ஊசி குத்தினேன். 'கடவுள் ஒருவர்.' யாக்கோபு அதை வாய்விட்டுப் படித்தார், எழுத்து எழுத்தாக. ஞானம்மாவும் கூடவே படித்தார். இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். உள்ளே யாருக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பெண்ணின் கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போனது. வேலூர் நாத்தனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இப்பத்தான் தெரியுது" என்றார். அவர் பார்த்தது 'இயேசுவே' என்ற எழுத்தை.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், கொம்புக்கு ஊசி குத்தாமல் விட்டது வேண்டுமென்றேதானே என்று கேட்கிறார்கள். பாய் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். அவசரத்தில் மறந்துவிட்டேன், அதுதான் உண்மை. ஒரு எழுத்துக்கு இரண்டு ஊசி. தனியாக வெட்டிய கொம்பும் ஒரு எழுத்துதான், அதற்கும் இரண்டு. நீங்கள் மறக்காதீர்கள். நம் தவற்றால் நல்லது நடக்கும் என்று நம்பித் தொழில் செய்ய முடியாது.

ஆனால் விழுந்துவிட்டால், உடனே எடுத்து ஒட்டிவிடாதீர்கள். கீழே நிற்பவர்கள் முகத்தை ஒரு தடவை பாருங்கள். சில சமயம் விழுந்தது விழுந்ததாகவே இருப்பது அவர்களுக்குத் தேவையாக இருக்கும்.

பந்தி முடிந்து நான் திரையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். யாக்கோபு வந்தார். அந்தக் கொம்பைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கோங்க என்றேன். கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீர்..." என்று ஆரம்பித்தார். மேலே வார்த்தை வரவில்லை. எனக்கும் வரவில்லை. கூச்சப்படுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் அப்படித்தான்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை நான் வாங்கிக் குடித்தேன்.